இடது தோளுக்கு ஒரு பலாக்கட்டை

சாக்கில் வந்தது

செம்மேட்டில் நான் வேலை செய்யும் மரப்பட்டறைக்கு அந்தத் துப்பாக்கி வந்த அன்று, மேஸ்திரி அதைக் கையால் தொடவே மாட்டேன் என்றார்.

அதைக் கொண்டுவந்தவர் ஒரு நர்ஸ். பெயர் ஜெசிந்தா. திண்டுக்கல் பக்கத்துக்காரர். வாழவந்தி நாட்டில் (எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்போம்) ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அரிசிச் சாக்கில் சுற்றி, சணல் கட்டி, ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் சாய்த்து வைத்துக் கொண்டுவந்திருந்தார். எங்கள் மலையில் நீளமாக ஒன்றைச் சாக்கில் சுற்றி எடுத்துப் போனால் பார்க்கிறவர்கள் நினைப்பது ஒன்றுதான். காட்டுப்பன்னி சுடுகிற நாட்டுத் துப்பாக்கி.

"ஏனுங்க சிஸ்டர், ஊசி போடுற கையில இதென்னங்க கூத்து?" என்றார் மேஸ்திரி. "ஃபாரஸ்ட்டுக்காரங்க பாத்தா உங்கள கவர்மெண்டு ஆளுன்னு உட்டுருவாங்க. என்னையத்தான் ஜீப்புல ஏத்துவாங்க."

"மேஸ்திரி, இது காத்துத் துப்பாக்கி. பன்னிய சுட்டா அது திரும்பிப் பாத்துட்டு, மறுபடி கிழங்கு தோண்டும். இது பேப்பர சுடுறதுக்கு."

"பேப்பர சுடவா இத்தன கனம்?"

"நீங்க தூக்கித்தான் பாருங்களேன்."

மேஸ்திரி தூக்கிப் பார்த்தார். நான் பின்னால் உட்கார்ந்து பள்ளிக்கூட பெஞ்சுக் காலுக்கு உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தேன். புது ஆள் யாராவது பட்டறைக்குள் வந்தால் நான் மரத்தைப் பார்த்துக் குனிந்துவிடுவேன். கல்யாணமாகி, பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்து, தலை நரைத்த பிறகும் அந்த வெட்கம் போகவில்லை. கேள்வி கேட்டால் தலையாட்டுவேன், அவ்வளவுதான். ஆனால் காது நன்றாகக் கேட்கும்.

சிஸ்டர் சொன்னதெல்லாம் கேட்டேன். காலேஜில் படித்த காலத்திலிருந்து அவர் போட்டிகளில் சுடுகிறவர். இது ஜெர்மனியில் செய்த பழைய மேட்ச் துப்பாக்கி. சேலத்தில் ஒரு கிளப்பில் இவருக்கென்று கொடுத்து வைத்திருக்கிறார்கள். போன வருடம் வலது கண்ணில் நரம்பு கெட்டு, ஆபரேஷன் செய்தும் நடுவில் இருட்டு நின்றுவிட்டது. இடது கண் சுத்தமாக இருக்கிறது. இடது கண்ணால் குறி பார்க்க வேண்டுமென்றால் இடது தோளில் வைத்துச் சுட வேண்டும். ஆனால் இந்தத் துப்பாக்கியின் மரக்கட்டை வலது தோளுக்குச் செதுக்கியது. கன்னம் சாய்கிற மேடு, உள்ளங்கை பிடிக்கிற வளைவு எல்லாமே வலதுகைக்காரருக்கு.

"இடது பக்கத்துக்குக் கட்டை அந்த ஜெர்மன்காரனே போட்டிருக்கான். இப்ப எங்கயும் கெடைக்கல. நீங்க மரத்துல செஞ்சு குடுத்தா, பொங்கலுக்கு முன்னாடி சேலத்துல பழைய துப்பாக்கிங்களுக்குன்னு ஒரு போட்டி வைக்கிறாங்க, அதுல சுட்டுப் பாத்துருவேன். கட்டை சரியா அமைஞ்சும் என்னால முடியலன்னா கிளப்புலயே திருப்பிக் குடுத்துருவேன். ரெண்டு கண்ணும் இருக்கிற யாராவது சுடட்டும்."

அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கை அந்தக் கட்டையை விடவில்லை.

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். அவர் ராசிபுரத்திலிருந்து வந்து மலையில் பட்டறை போட்டவர். கதவு, ஜன்னல், பெஞ்சு, கட்டில் இவைதான் அவர் வேலை. திரும்பி என்னைப் பார்த்தார்.

"பாப்பாயக்கா, நீங்க பாக்கறீங்களா? எனக்கு ஸ்கூல் பெஞ்சு தலைக்கு மேல கெடக்குது."

கேலியாகக் கேட்டாரோ என்னவோ. அதுவரை நான் அந்தப் பட்டறையில் உப்புத்தாளும் பாலீஷும்தான். உளி பிடிக்கத் தெரியும், மேஸ்திரி இல்லாத நேரத்தில் பிடித்திருக்கிறேன். முழுதாக ஒரு வேலை என்று என் கையில் யாரும் கொடுத்ததில்லை. நான் எழுந்து போய் அந்தக் கட்டையின் பிடியில் கை வைத்தேன். உள்ளங்கைக்குள் வந்து உட்கார்ந்தது. தலையாட்டினேன்.

ஒரு இரும்பு, நாலு சட்டை

அடுத்த வாரம் சிஸ்டர் சேலம் போய்த் திரும்பும்போது கிளப்பில் பெட்டியில் கிடந்த பழைய கட்டைகளை இரவல் வாங்கி வந்தார். இரும்பு கெட்டுப்போன துப்பாக்கிகளின் கட்டைகள். எல்லாமே ஒரே ஜாதித் துப்பாக்கிக்கு உண்டானவை.

மரக்கட்டை என்றால் பின்பக்கம் பிடித்துக்கொள்ள ஒரு கட்டை, வேறென்ன என்றுதான் நான் நினைத்திருந்தேன். வரிசையாக மேஜையில் வைத்தபோது பார்த்தேன், ஒன்றுபோல் ஒன்றில்லை.

ஒன்று பீச் மரம். வெளுப்பாக, மொட்டையாக, கன்னத்துக்குச் சின்ன மேடு மட்டும் வைத்தது. கிளப்பில் புதிதாகக் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு. இன்னொன்று குட்டை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு என்று கனம் குறைத்து, பிடியையும் சன்னமாக வைத்தது. மூன்றாவதில் கட்டைவிரல் நுழைய ஓட்டை போட்டிருந்தது. ஓடுகிற குறியைச் சுடுவதற்கு என்றார் சிஸ்டர். நாலாவது வால்நட் மரம். அதில் கன்னத்துக்கு மேடு இல்லை, பள்ளம் இருந்தது. அகப்பைக் குழி மாதிரி. முகத்தை வைத்தால் கன்னம் முழுதும் உள்ளே போய்விடும்.

"இதுக்குப் பேரு டைரோல் மாடல். அந்தப் பக்கத்துல மலைக்காரங்க துப்பாக்கி இப்படித்தான் இருக்குமாம்."

"அப்ப இது நம்ம பாப்பாயக்காவுக்குத்தான்" என்றார் மேஸ்திரி.

சிஸ்டர் தன் துப்பாக்கியின் இரண்டு போல்ட்டையும் கழற்றினார். குழாயும் லீவரும் ஒரே துண்டாகக் கழன்று வந்தன. அதை ஒவ்வொரு கட்டையிலும் உட்கார வைத்துக் காட்டினார். எல்லாவற்றிலும் உட்கார்ந்தது. இரும்பு ஒன்றுதான், ஆளுக்கேற்ற சட்டைதான் வேறு வேறு என்று எனக்கு அப்போது பிடிபட்டது.

அன்று மதியம் சாப்பாட்டுக்கு எல்லோரும் போன பிறகு, நாலு கட்டையையும் நான் விரலால் தடவிப் பார்த்தேன். வெளியே எவ்வளவு மாறினாலும் உள்ளே சில இடங்கள் மாறவில்லை. போல்ட்டு இறங்கும் ஓட்டை நாலிலும் ஒரே இடம். இரும்பு உட்காரும் பள்ளம் ஒரே ஆழம். இரும்பின் பின்முனைக்கும் மரத்துக்கும் நடுவே நகம் நுழைகிற அளவு ஒரு சந்து. அது எதற்கு என்று எனக்குத் தெரியாது. ஜெர்மன்காரன் நாலிலும் விட்டிருக்கிறான், நாமும் விடுவோம் என்று வைத்துக்கொண்டேன். சிஸ்டரிடம் கேட்டிருக்கலாம். கேட்க வாய் வரவில்லை.

எலி தின்ற கன்னம்

முதலில் சில்வர் ஓக்கில் மாதிரி செய்தேன். மிளகுக் கொடி ஏற்றுகிற மரம், எங்கள் மலையில் விழுந்து கிடக்கும். தப்பானால் அடுப்புக்கு ஆகும்.

வலதை இடதாக மாற்ற வேண்டும். நினைத்து நினைத்துப் பார்த்தாலும் மனதில் திரும்பவில்லை. பட்டறையில் பீரோவுக்கு மாட்ட வாங்கி வைத்த கண்ணாடி ஒன்று இருந்தது. வால்நட் கட்டையை அதன் முன்னால் நிறுத்தினேன். கண்ணாடிக்குள் இடதுகைக் கட்டை நின்றது. கண்ணாடியைப் பார்த்தே செதுக்கினேன்.

பார்க்க அச்சு அசலாக வந்தது. சிஸ்டர் வந்து இடது தோளில் வைத்தார். முகத்தைப் பள்ளத்துக்குள் இறக்கினார். எடுத்தார். மறுபடி இறக்கினார்.

"நல்லாயிருக்கும்மா."

நல்லாயில்லை. அவர் கழுத்தைப் பார்த்தாலே தெரிந்தது. வலது கண்ணில் இருட்டு வந்த பிறகு அவருக்குத் தலையை லேசாக ஒரு பக்கம் திருப்பிப் பார்க்கிற பழக்கம் வந்திருந்தது. பேசும்போதுகூட அப்படித்தான் பார்ப்பார். அந்தப் பள்ளம் அவர் முகத்தைப் பிடித்து நேராக வைக்கப் பார்த்தது. கழுத்து திமிறியது. வேறு யாரோ ஒரு ஜெர்மன்காரன் முகத்துக்கு வெட்டிய பள்ளம் அது. அவனுக்கு இரண்டு கண்ணும் இருந்திருக்கும்.

"இது வேணாமுங்க" என்றேன். புது ஆளிடம் நானாகச் சொன்ன முதல் பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன்.

பள்ளத்தை விட்டுவிட்டு, பீச் கட்டை மாதிரி சின்ன மேடு வைக்கிற வகைக்குப் போனேன். ஆனால் மேடு எங்கே ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும் என்பதை அவர் முகம்தான் சொல்ல வேண்டும். மைதாவும் மரவள்ளி மாவும் கலந்து கெட்டியாகப் பிசைந்து கன்னம் படுகிற இடத்தில் அப்பினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைச் சாய்க்க வேண்டும், சௌகரியமான இடத்தில் நிற்க வேண்டும், பிறகு கண்ணைத் திறந்தால் குறி நேராகத் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் நான் தாடையைத் தொட்டு நகர்த்த வேண்டும். எனக்குக் கை எழவில்லை.

"தொடுங்கம்மா. நான் நாளெல்லாம் ஊரார் கைய, கால, வாயத் தொடுறேன். என்னைய யாரும் தொடறதில்ல."

தொட்டேன். நாலைந்து தடவை வைத்தெடுத்த பிறகு மாவில் அவர் கன்னம் அப்படியே பதிந்தது. காயட்டும் என்று அலமாரி மேல் வைத்துவிட்டுப் போனேன். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் எலி பாதிக் கன்னத்தைத் தின்றுவிட்டிருந்தது.

மேஸ்திரி சிரித்த சிரிப்பில் டீக்கடையிலிருந்து ஆட்கள் வந்து எட்டிப்பார்த்தார்கள். போனில் சிஸ்டருக்கும் அவரே சொன்னார்.

"சிஸ்டர், உங்க கன்னத்த எலி கடிச்சுப்போட்டுதுங்க."

"நல்லவேளை மேஸ்திரி, ஊசி எங்கிட்டயே இருக்கு. சாயங்காலம் வாரேன், இன்னொரு கன்னம் எடுத்துக்கச் சொல்லுங்க."

இரண்டாவது கன்னத்தைத் தகர டப்பாவுக்குள் வைத்துப் பூட்டினேன்.

பலா

அசலுக்கு என்ன மரம் என்று பேச்சு வந்தபோது மேஸ்திரி உள்ளே போய் ஒரு பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். ரோடு அகலப்படுத்தும்போது சாய்ந்த பலாமரத்தில் அறுத்தது. தன் மகள் கட்டிலுக்கு என்று நிழலில் வைத்துக் காயவிட்டிருந்தார்.

"கட்டிலுக்கு வேற பாத்துக்கறேன். இது நல்லா ஆறின மரம், முறுக்காது. செய்யுங்க."

இதைச் சொல்லக் காரணம் உண்டு. பின்னால் நடந்ததை மட்டும் படிப்பவர்கள் மேஸ்திரியைப் பற்றித் தப்பாக நினைத்துவிடக் கூடாது.

பிடி இருக்கிற இடம்தான் துப்பாக்கிக் கட்டையில் கழுத்து. அங்கே ரேகை குறுக்கே ஓடினால் ஒரு நாள் ஒடியும். பலகையைத் திருப்பித் திருப்பி வைத்து, ரேகை கழுத்தின் நீளத்துக்கு ஓடும்படி கோடு போட்டேன். இரும்பு உட்காரும் பள்ளத்தை எடுக்க விளக்குக் கரியில் எண்ணெய் குழைத்து இரும்பில் பூசி, வைத்து எடுத்து, கறுப்புப் பட்ட இடத்தை மட்டும் உளியால் சீவினேன். பட்ட இடம்தான் இடிக்கிற இடம். வைப்பதும் எடுப்பதும் சீவுவதுமாக நாள் போனது. பின்முனையில் அந்த நகச் சந்தை மறக்காமல் விட்டேன். கன்னமேட்டை மாவுக்கு நேராக ஏற்றினேன். பிடியில் ஆணி முனையால் நெருக்கமாகப் புள்ளி குத்தினேன், வியர்வையில் வழுக்காமல் இருக்க. பிறகு லின்சீட் ஆயில். பலாவின் மஞ்சள், எண்ணெய் குடிக்கக் குடிக்கத் தேன் நிறத்துக்கு வந்தது.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. யார் செய்த பொருளானாலும் வெளியே போகுமுன் மேஸ்திரி கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். எங்காவது மூட்டில் சந்து தட்டுப்பட்டால் அதே மரத்தில் சில்லு சீவி, பசை வைத்துத் தட்டி, மேலே தூள் தேய்த்துவிடுவார். எங்கே அடைத்தார் என்று செய்தவனுக்கே தெரியாது. "சந்து தெரிஞ்சா ஆசாரி தெரிவான்" என்பார். அந்தப் பெயர் கெடாமல்தான் அவர் மலையில் இத்தனை வருடம் தொழில் செய்கிறார்.

சிஸ்டர் கட்டையை வாங்கிப் போன அன்று நான் பட்டறையில் இல்லை. குண்டனி நாட்டில் அண்ணன் வீட்டில் காதுகுத்து. திரும்பி வந்தபோது, "சிஸ்டருக்கு ரொம்ப சந்தோசம். கண்ணு கலங்கிட்டாங்க" என்றார் மேஸ்திரி. எனக்கும் சந்தோஷம்தான்.

"என் கண்ணுதான்"

சேலம் போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது சிஸ்டர் பட்டறைக்கு வந்தார். கையில் பால்கோவா பொட்டலம். எல்லோருக்கும் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் வந்து முக்காலியில் உட்கார்ந்தார்.

"பாப்பாயம்மா, ரொம்ப அழகாச் செஞ்சிருக்கீங்க. கன்னம் வச்சா குறி நேரா நிக்குது. அதுல ஒரு குறையும் சொல்ல முடியாது."

நான் தலையாட்டினேன்.

"என் கண்ணுதான் சரியில்ல. தெனம் சுடுறேன். மொளகு கொட்டின மாதிரி பேப்பர் பூராவும் செதறுது. சேலத்துக்குப் போறப்ப துப்பாக்கிய அங்கயே குடுத்துட்டு வந்துரலாம்னு இருக்கேன். உங்க கட்டையோட குடுத்தா இடதுகைப் பிள்ளைங்க யாருக்காச்சும் ஆகும். உங்ககிட்ட சொல்லாமக் குடுக்கக் கூடாதுன்னுதான் வந்தேன்."

மேஸ்திரி இந்தப் பக்கம் வராமல் பெஞ்சை அளந்துகொண்டே இருந்தார். அளந்த இடத்தையே மறுபடி அளந்தார். எனக்கு எதையாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. வாயில் பால்கோவாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

குறி நேராக நிற்கிறது, ஆனால் குண்டு சிதறுகிறது. அதுதான் எனக்கு ஒட்டவில்லை. கண் கெட்டிருந்தால் குறியே நேராகத் தெரியக் கூடாது. எனக்குத் துப்பாக்கி தெரியாது. ஆனால் அந்த மரத்தைத் தெரியும். அதில் ஏதோ இருக்கிறது என்று பட்டுக்கொண்டே இருந்தது. சும்மா உட்கார்ந்திருந்தால் அந்தத் துப்பாக்கி சேலத்தோடு போய்விடும். அவரும் கண்ணைக் குறை சொல்லிக்கொண்டு காலத்தை ஓட்டிவிடுவார்.

வேலை கொடுத்தவர் வீட்டுக்கு நான் ஒருநாளும் போனதில்லை. மறுநாள் காலை கைப்பையில் சன்ன உளியைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு வாழவந்தி நாட்டு பஸ் ஏறினேன். கண்டக்டர், "எங்க அக்கா, ஒடம்புக்கு முடியலயா?" என்று கேட்டார். ஆஸ்பத்திரி ஸ்டாப் என்று சொன்னதால் கேட்டிருப்பார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.

ஒத்தடம்

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் குவார்ட்டர்ஸ். சிஸ்டருக்கு அன்று மதியத்துக்கு மேல்தான் டூட்டி. என்னைப் பார்த்ததும் பயந்துவிட்டார்.

"என்னம்மா, யாருக்கு என்ன?"

"சுட்டுக் காட்டுங்க சிஸ்டர்" என்றேன். வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த பேச்சு அது.

வீட்டுச் சுவரையொட்டிப் பத்து மீட்டர் அளந்து, கடைசியில் பழைய துணி அடைத்த பெட்டியில் பேப்பர் ஒட்டி வைத்திருந்தார். நின்று, கன்னம் சாய்த்து, மூச்சு விட்டு, சுட்டார். பேப்பரை நான் பார்க்கவில்லை. மரம் தோளில் இருக்கிற இடத்தையே பார்த்தேன். சுடும்போது கட்டை தோளை ஒரு இடி இடித்தது. கன்னச் சதை அதிர்ந்தது.

"இது இப்படித்தான் உதைக்குமுங்களா?"

"இல்லம்மா. இது உதைக்காத துப்பாக்கி. அதுக்குத்தான் இதுக்கு மதிப்பே. என் இடது தோளு பழகல, இறுக்கமாப் பிடிக்கிறேன் போல."

"பழைய கட்டையில மாட்டி ஒண்ணு சுடுங்க. பேப்பர்ல படலீன்னாலும் சரி."

மாட்டினார். வலது தோளில் வைத்துச் சுட்டார். கட்டை அசையவே இல்லை. இரும்பு மட்டும் தண்டவாளத்தில் ஓடுகிற மாதிரி நகத்தளவு பின்னால் சறுக்கி நின்றது. நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"அது நகருதுங்களா!"

"ஆமாம்மா. அடியில ரெண்டு ரயில் இருக்கு. சுடுற வேகத்துல இரும்பு மட்டும் பின்னால போயிரும், மரம் சும்மா இருக்கும். அதனாலதான் தோளுக்குத் தெரியாது. லீவர இழுத்தா மறுபடி முன்னால வந்துரும்."

அவர் லீவரை இழுத்து இரும்பை முன்னால் கொண்டுவந்ததும், பழைய கட்டையில் அதன் பின்னால் கட்டைவிரலை வைத்தேன். நகம் சந்துக்குள் இறங்கியது. இரும்பைக் கழற்றி என் பலாக்கட்டையில் மாட்டச் சொல்லி, அதே இடத்தில் விரலை வைத்தேன். விரல் வழுவழுவென்று ஓடியது. சந்தே இல்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். ரேகைக்கு ரேகை சேர்த்து ஒரு சில்லு. ஒரு மயிரிழை கோடுகூடத் தெரியவில்லை. அந்தக் கையை எனக்குத் தெரியும்.

பின்னால் போக வேண்டிய இரும்பு அந்தச் சில்லில் முட்டி, அதன் இடி முழுவதும் மரத்துக்குள் இறங்கி, அவர் தோளிலும் கன்னத்திலும் அடித்திருக்கிறது.

"சிஸ்டர், உங்க கண்ணுல ஒண்ணுமில்லீங்க. எங்க மேஸ்திரி நல்ல வேலைக்காரரு. அதான் கொளறுபடி."

அவருக்கு முதலில் புரியவில்லை. அவர் விரலைப் பிடித்து இரண்டு கட்டையிலும் வைத்துக் காட்டினேன். புரிந்ததும் அந்தச் சில்லின் மேல் மறுபடி மறுபடி நகத்தை ஓட்டிப் பார்த்தார்.

இரும்பைக் கழற்றி வைத்துவிட்டு உளியை எடுத்தேன். வைக்கப் போனவள் நிறுத்தினேன். சில்லு இருந்த இடம் கழுத்துக்கு நேர் மேலே. பசை மரத்தைவிடக் கெட்டியாகப் பிடித்திருந்தது. உளி தவறி ரேகையோடு ஓடினால் கழுத்து பிளந்துவிடும். இன்னொரு கட்டை செய்ய நாளும் இல்லை, மரமும் இல்லை.

"பசைய எளக்க வழி இருக்குதுங்களா சிஸ்டர்? வெள்ளப் பசைதான். சூடு பட்டா எளகும். ஆனா தீ காட்டக் கூடாது, எண்ணெ கருகிரும்."

"சூடா?" என்று நிமிர்ந்தார். "சூடு வைக்கிறது எங்க தொழில்தானே?"

உள்ளே போய் வெந்நீர் வைத்தார். துணியை நனைத்துப் பிழிந்து மடித்து, அந்த இடத்தில் மட்டும் வைத்து அழுத்தினார். ஆறினால் எடுத்து அடுத்தது வைத்தார். சுளுக்குக்காரர்களுக்கு வைக்கிற அதே கை. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அம்மா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "சிஸ்டர், துப்பாக்கிக்கா ஒத்தடம் குடுக்கறீங்க?" என்றார்.

"ஆமாங்க, கழுத்து பிடிச்சுக்கிச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் விரலை எடுக்கவில்லை. சில்லின் ஓரத்தில் நகத்தை வைத்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் நகத்துக்கடியில் ஒரு சின்ன அசைவு. உளியை மரத்தின் மேல் கத்தி மாதிரிப் படுக்க வைத்து, தட்டாமல், கையாலேயே நகர்த்தினேன். சில்லு முழுதாகக் கழன்று என் உள்ளங்கையில் விழுந்தது. கழுத்தில் கீறல்கூட இல்லை.

ஈரத்தைத் துடைத்து, வெயிலில் வைத்துக் காயவிட்டு, ஒட்டியிருந்த பசையைச் சுரண்டி, துளி எண்ணெய் தொட்டுவைத்தேன். இரும்பை மாட்டினார்.

முதல் குண்டுக்குக் கட்டை அசையவில்லை. சிஸ்டரின் கன்னமும் அசையவில்லை. அவர் பேப்பரைப் பார்க்கப் போகாமல் அங்கேயே நின்று இன்னொன்று போட்டார். இன்னொன்று. பிறகு நடந்து போய்ப் பேப்பரைக் கழற்றி வந்து என்னிடம் நீட்டினார். நடுவுக்குச் சற்றுக் கீழே ஓட்டைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, பூச்சி அரித்த இலை மாதிரி ஒரே ஓட்டையாக இருந்தது.

"குறிய கொஞ்சம் மேல ஏத்தணும்" என்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். பிறகு அடுத்த பேப்பரை ஒட்டப் போனார். டூட்டிக்கு நேரமாகும்வரை சுட்டுக்கொண்டே இருந்தார். நான் சுவரோரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

சில்லு

மேஸ்திரியிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் எனக்குப் பெரிய பாடாக இருந்தது. கட்டிலுக்கு வைத்த மரத்தைக் கொடுத்தவர். சொல்லாமல் விட்டாலும் தப்பு, அடுத்த கட்டையிலும் அடைப்பார். சில்லை அவர் மேஜையில் வைத்தேன்.

எடுத்துப் பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது.

"இது நான் வெச்சதாச்சே. ஏனுங்கக்கா, அந்தச் சந்து நீங்க உட்டதுன்னு நெனச்சேனே. காதுகுத்துக்கு ஓடற அவசரத்துல உட்டுட்டீங்கன்னு..."

"அதுல இரும்பு நடக்கணுமுங்க."

நடந்ததைச் சொன்னேன். இத்தனை நீளமாக அவரிடம் நான் பேசியதே இல்லை. அவர் நாற்காலியில் சாய்ந்து, சில்லை விரலில் உருட்டிக்கொண்டே கேட்டார்.

"அப்ப அந்தம்மா கண்ணு இல்ல, என் கைதான்" என்றார். சில்லை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "ஆனா அடைச்சது அழகா இருந்துச்சா இல்லீங்களா?"

"அழகாத்தான் இருந்துச்சுங்க. அதான் அத்தன நாளா யாருக்கும் தெரியல."

அன்று சாயங்காலம் அவரே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வாழவந்தி நாட்டுக்குப் போய் வந்தார். அங்கே என்ன பேசினார் என்று என்னிடம் சொல்லவில்லை.

சிஸ்டர் சேலம் போனார். பரிசு வாங்கவில்லை. நடுவில் எங்கேயோ ஒரு இடம் வந்ததாகச் சொன்னார். கேட்ட எனக்குத்தான் ஏமாற்றம், அவருக்கு இல்லை. போகும்போது கட்டியிருந்த அதே அரிசிச் சாக்கில் துப்பாக்கி திரும்பி வந்தது. மேஸ்திரி அன்றும் திட்டினார்.

"ஒரு நல்ல பையாவது வாங்கக் கூடாதுங்களா சிஸ்டர்? ஃபாரஸ்ட்டுக்காரங்க..."

"அடுத்த வருசம் ஜெயிச்சு வாங்குறேன் மேஸ்திரி."

கிளப்பில் அந்தப் பலாக்கட்டையை எல்லோரும் வாங்கிப் பார்த்தார்களாம். அதற்குப் பிறகு எங்கள் பட்டறைக்கு அவ்வப்போது பழைய மேட்ச் துப்பாக்கிகள் வருகின்றன. ஒருவருக்குத் தோள் குறுகல், ஒருவருக்குக் கை நீளம், ஒருவருக்குக் கட்டைவிரல் மடங்காது. ஒரே இரும்புக்கு ஒவ்வொருவருக்கும் ஒரு சட்டை. இப்போது நான் உப்புத்தாள் போடுவது என் கட்டைகளுக்கு மட்டும்தான். ஆள் நேரில் வந்து நின்று பிடித்துக் காட்டாமல் நான் உளியைத் தொடுவதில்லை. செய்து கொடுத்த பிறகு, அவர்கள் சுடுகிற இடத்துக்கே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். வெட்கம் போய்விடவில்லை. அதையும் கூட்டிக்கொண்டுதான் போகிறேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்தது இதுதான். மூட்டுகளை இறுக்குவது பாதித் திறமை. எந்த இடத்தை இறுக்கக் கூடாது என்று தெரிந்துகொள்வது மீதிப் பாதி. அதை மரம் சொல்லாது. பொருள் வேலை செய்கிற இடத்தில் போய் நின்று பார்த்தால்தான் தெரியும்.

அந்தச் சில்லை நான் தூக்கிப் போடவில்லை. ஓரத்தில் ஓட்டை போட்டு, நூல் கட்டி, என் உளிப்பெட்டியில் வைத்திருக்கிறேன். எந்தக் கட்டை முடிந்தாலும் இரும்பை மாட்டி, பின்னால் அந்தச் சில்லை நுழைத்துப் பார்ப்பேன். நுழைந்தால் சந்து சரி. மேஸ்திரி இன்றும் வழக்கத்தை விடவில்லை. பொருள் வெளியே போகுமுன் கட்டைவிரலால் தடவிப் பார்க்கிறார். துப்பாக்கிக் கட்டை என்றால் மட்டும் அந்தச் சந்தில் வந்ததும் விரலை நிறுத்திக்கொண்டு என் பக்கம் திரும்புவார்.

"அக்கா, சில்ல வெளிய எடுத்துட்டீங்களா?"

நூலைத் தூக்கிக் காட்டுவேன். அதன் பிறகுதான் கட்டை பட்டறையை விட்டுப் போகும்.